செய்தவர் யார்? அழைப்பு மையச் செயற்பதிவுகளும் தமிழ் வினையிலக்கணமும்

ஆய்வுச்சுருக்கம்

அழைப்பு மைய மென்பொருள்கள் ஒவ்வோர் அழைப்பின் போக்கையும் நொடிக்கணக்கில் எழுத்தாகப் பதிந்து வைக்கின்றன. மையத்தின் திறன், பணியாளரின் உழைப்பு, அழைத்தவரின் பொறுமை ஆகிய மூன்றும் இப்பதிவுகளைக் கொண்டே அளக்கப்படுகின்றன. இவ்வரிகளில் செயலும் காலமும் துல்லியமாக அமைய, செய்தவர் யார் என்பது மட்டும் மயங்கி நிற்கிறது. அம்மயக்கம் பெரும்பாலும் எளியவர்மீது பழியாக முடிகிறது. செயற்பதிவை ஒரு பனுவலாகக் கொண்டு தமிழ் வினையிலக்கணத்தின் துணையால் வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: செயற்பதிவு, அழைப்பு மையம், வினை முதல், செயப்படுபொருள், ஒருங்குறி, போடிநாயக்கனூர்

முன்னுரை

பனுவல் என்ற சொல்லின் எல்லையைத் தமிழாய்வு காலந்தோறும் விரித்தே வந்துள்ளது. கல்வெட்டும் செப்பேடும் ஓலைக்கணக்கும் நாட்குறிப்பும் ஆய்வுப் பொருளாயின. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பை இன்று வரலாற்று மூலமாகவும் உரைநடைச் சான்றாகவும் கொள்கிறோம். நம் காலத்தில் மிகுதியாக எழுதப்படும் நாட்குறிப்பு மனிதர் எழுதுவதன்று, எந்திரம் எழுதுவது. கணினியில் இயங்கும் ஒவ்வொரு மென்பொருளும் தான் செய்ததை நேரத்துடன் வரிவரியாகக் குறித்து வைக்கிறது. இதனைக் கணினித் துறையினர் லாக் என்பர். இக்கட்டுரை அதனைச் செயற்பதிவு எனக் குறிக்கிறது.

இதனைப் பொறியாளர்க்குரிய செய்தி என்று தமிழ்த்துறை ஒதுக்கிவிடுவதற்கில்லை. உழவர்க்குரிய கிசான் அழைப்பு மையம் 2004 சனவரி 21 முதல் இயங்குகிறது. 1800-180-1551 என்னும் எண்ணில் நாள்தோறும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் வேளாண் ஐயங்களுக்கு அங்கு விடை கூறப்படுகிறது. தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. இவ்வெண்களை அழைப்பவர் பேசுவது தமிழ். அவ்வழைப்புக்கு என்ன நேர்ந்தது என்பதை மென்பொருள் எழுதுவதோ வேறொரு மொழியில், வேறோர் இலக்கணத்தில். இவ்விரு இலக்கணங்களுக்கும் இடையே இழக்கப்படுவது யாது என்பது மொழியாய்வாளர் கேட்கவேண்டிய வினாவாகும்.

ஒரு வரியின் வாசிப்பு

அழைப்பு மையங்களில் பரவலாக வழங்கும் திறமூல மென்பொருள்களுள் ஒன்று ஆஸ்டெரிஸ்க். இதனை மார்க் ஸ்பென்சர் 1999இல் உருவாக்கினார். இதன் வரிசைப் பதிவில் ஒவ்வொரு நிகழ்வும் ஒரு வரியாக அமையும். கூறுகளுக்கிடையே செங்குத்துக் கோடு நிற்கும். எந்த மையம் எந்த மென்பொருளைக் கையாள்கிறது என்பது இங்குப் பொருளன்று. பதிவின் இயல்பை விளக்குவதற்காக, அம்மென்பொருளின் அமைப்பைப் பின்பற்றி யான் அமைத்த ஒரு வரியைத் தமிழெழுத்தில் தருகிறேன்.

1718082900 | 1718082651.512 | போடி_வேளாண் | எவருமில்லை | அபாண்டன் | 3 | 7 | 214

முதற்கூறு காலம். 1970 சனவரி 1 நள்ளிரவிலிருந்து உலகப் பொதுநேரப்படி கழிந்த நொடிகளின் எண்ணிக்கை அது. இவ்வெண் 2024 சூன் 11, இந்திய நேரம் காலை 10.45 மணியைக் குறிக்கும். இரண்டாவது அழைப்பின் அடையாள எண். மூன்றாவது வரிசையின் பெயர். நான்காவது விடையளித்த முகவர்க்குரிய இடம். இங்கு எவரும் இல்லை. ஐந்தாவது நிகழ்வு. இறுதி மூன்று எண்களும் அழைப்பு வரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்தபோது முடிந்தது, ஏழாம் இடத்தில் நுழைந்தது, 214 நொடிகள் காத்திருந்தது என்பவற்றைக் கூறுகின்றன.

இவ்வளவும் மேலோட்டமான பொருள். உற்று நோக்கினால் இன்னொன்றும் புலப்படும். அடையாள எண்ணின் முற்பகுதியும் ஒரு நேரமே. அழைப்பு மையத்தை வந்தடைந்த நொடி அது. இரண்டு நேரங்களுக்கும் இடைப்பட்டது 249 நொடி. அதாவது, மொழியைத் தேர்ந்தெடுக்க ஓர் எண், துறையைத் தேர்ந்தெடுக்க ஓர் எண் எனப் பதிவுக்குரல் கேட்டவாறே முதல் 35 நொடிகள் கழிந்துள்ளன. காத்திருப்புக் கணக்கில் அந்நேரம் சேரவில்லை. வரிசைக்கு வெளியே நின்ற நேரத்தை மென்பொருள் காத்திருப்பாகக் கருதுவதில்லை. அழைத்தவர்க்கோ செவியில் கருவியை வைத்த நொடி முதல் அனைத்தும் காத்திருப்பே.

இனி அவ்வரியின் உயிர்நிலையான சொல்லுக்கு வருவோம். அபாண்டன் என்பதற்கு அகராதிப் பொருள் கைவிடுதல். அழைத்தவர் வரிசையில் தமக்குரிய இடத்தைக் கைவிட்டார் என்பதே இதற்கு அம்மென்பொருளின் விளக்கமும் ஆகும். ஆனால் நிகழ்ந்தது அதுதானா?

மலைச்சரிவிலிருந்து ஓர் அழைப்பு

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் இங்கும் இடுக்கி மாவட்டப் புற்றடியிலும் நடைபெறுகிறது. ஊருக்கு மேலே குரங்கணி, கொட்டகுடி, போடிமெட்டு எனச் சரிவுகளில் காப்பியும் ஏலமும் விளைகின்றன. எல்லை கடந்த இடுக்கி மலைகளின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று திரும்பும் தமிழ்த் தொழிலாளர் பலர். இச்சரிவுகளில் கைப்பேசிக் குறி ஒரு பாறைக்கு இப்பால் கிடைக்கும், அப்பால் அறுந்துவிடும். மாநில எல்லையை ஒட்டி நிற்பவரின் கருவி, எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரத்தைப் பற்றிக்கொள்வதும் உண்டு.

சூன் மாதத் தொடர்மழையில் ஏலச்செடியில் அழுகல் நோய் காணும் ஓர் உழவர், சரத்தைக் கையில் பிடித்தவாறு அழைக்கிறார் எனக் கொள்வோம். நான்கு நிமிடம் காத்திருக்கிறார். மூன்றாம் இடத்திற்கு வருகிறார். குறி அறுகிறது. மேலே கண்ட வரி அப்படியே எழுதப்படுகிறது: கைவிட்டார். இன்னொருவர் சலிப்புற்றுத் தாமே இணைப்பைத் துண்டிக்கிறார். அவருக்கும் அதே வரி. மூன்றாமவரின் கருவியில் மின்கலம் தீர்ந்துவிடுகிறது. அவருக்கும் அதே சொல். மூன்று வேறு நிகழ்ச்சிகள் ஒரு வினைக்குள் அடங்கி, மூன்றுக்கும் அழைத்தவரே வினை முதல் ஆகிவிடுகிறார். மாத இறுதி அறிக்கையில் இவை கைவிடப்பட்ட அழைப்புகளின் விழுக்காடாகத் திரளும். அதைப் படிப்பவர், அழைப்போர்க்குப் பொறுமையில்லை என்று முடிவு செய்யலாம். கோபுரம் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வர அவ்வறிக்கையில் வழியே இல்லை.

2018 மார்ச் 11இல் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீக்குப் பின், இச்சரிவுகளிலிருந்து வரும் ஓர் அழைப்பின் மதிப்பை இவ்வட்டாரத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அறுந்த அழைப்பைக் கைவிட்ட அழைப்பாக எழுதுவது இங்குச் சொற்பிழையோடு நிற்பதில்லை.

பணியாளர் பக்கத்திலும் இதே நிலைதான். ரிங்நோஆன்சர் என்பது முகவர்க்கு மணி ஒலித்தும் எடுக்கப்படாத நிகழ்வைக் குறிக்கும். ஆனால் வலையமைப்புத் தடையால் அழைப்பு அவருடைய கருவியைச் சென்றடையாதபோதும் இச்சொல் எழுதப்படுவதுண்டு. செவிப்பொறி பழுதானவரும் இருக்கையை விட்டு எழுந்து சென்றவரும் பதிவில் ஒருவரே. அவ்வெண்ணிக்கையைக் கொண்டு ஒருவரின் பணித்திறன் மதிப்பிடப்படுமாயின், ஒரு வினைச்சொல்லின் பொருள்மயக்கம் ஒருவரின் ஊதியத்தைத் தீண்டுகிறது என்பது பொருள்.

வினையிலக்கணம் காட்டும் ஒளி

ஒரு வினை நிகழ எவையெவை வேண்டும் என்பதைத் தமிழ் இலக்கணிகள் நுணுகி ஆராய்ந்துள்ளனர். வினைமுற்று தருவனவாக ஆறனை நன்னூல் கூறும். காலம், இடம், கருவி, செயல், செயப்படுபொருள், செய்தவர் என அவற்றை நிரல்படுத்திக் கொள்ளலாம். செயற்பதிவின் வரியை இவ்வாறு கூறிட்டால் பெரும்பாலானவை பொருந்திவிடுகின்றன. நேரக்குறி காலம், கணினியின் அல்லது வரிசையின் பெயர் இடம், மென்பொருட் செயல்முறை கருவி, நிகழ்வுச்சொல் செயல், அழைப்பு எண் செயப்படுபொருள். எஞ்சுவது செய்தவர். அவ்விடம் வெறுமையாக இருக்கிறது, அல்லது கருவியோ செயப்படுபொருளோ அங்கு ஏறி அமர்ந்துகொள்கிறது.

செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் வழக்கைத் தொல்காப்பிய வினையியல் மரபென ஏற்றுக்கொள்கிறது. கதவு திறந்தது என்கிறோம். கதவு தானே திறந்துகொண்டதாக எவரும் மயங்குவதில்லை. கேட்போர்க்குச் சூழல் தெரியும். அழைப்பு இணைந்தது, அழைப்பு முடிந்தது என்னும் பதிவுத் தொடர்களும் இவ்வகையினவே. ஆயினும் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. பதிவை வாசிப்பவர்க்குச் சூழல் தெரியாது. வரி ஒன்றே அவர் கைக்கு வருகிறது. சூழல் தெரிந்த இடத்தில் மரபாக நின்ற தொடர், சூழல் அகன்ற இடத்தில் மயக்கமாகிறது.

தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தொழில் நிகழ்தற்கு எட்டு முதனிலைகளைக் காட்டுவார். நன்னூலின் ஆறனோடு ஒப்பிட, கூடுதலாக நிற்பவை இரண்டு. இத்தொழில் யாருக்காக அல்லது எதற்காக என்பது ஒன்று. அதனால் விளைந்த பயன் யாது என்பது மற்றொன்று. செயற்பதிவில் அறவே இல்லாதவை இவ்விரண்டுமே. 249 நொடி காத்திருந்தவர் எதற்காக அழைத்தார், அவர்க்கு என்ன பயன் விளைந்தது என்பதற்கு அவ்வரியில் இடமே வகுக்கப்படவில்லை.

பேச்சுத் தமிழும் இதில் ஒரு பாடம் தருகிறது. ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கியபோதும் தமிழர் வினை முதலை விட்டுவிடுவதில்லை. லைன் கட் ஆகிவிட்டது என்பது ஒன்று. லைனைக் கட் பண்ணிவிட்டார் என்பது வேறொன்று. ஆகு, பண்ணு என்னும் துணையால் பொறுப்பு எங்குள்ளது என்பது தெளிவாகிவிடுகிறது. தூய தமிழில் அறுந்தது, அறுத்தார் என்பனவும் இவ்வாறே. படிப்பறிவில்லாதவர் பேச்சிலும் இவ்வேறுபாடு தவறுவதில்லை. மென்பொருளின் ஒற்றைச் சொல்லில் அது தவறிப்போகிறது.

மென்பொருளுக்கு இவ்வேறுபாட்டைச் செய்யும் ஆற்றலே இல்லை என்பதற்கில்லை. உரையாடல் முடிந்தபின் இணைப்பை முதலில் விட்டவர் முகவரா அழைத்தவரா என்பதை ஆஸ்டெரிஸ்க் கம்ப்ளீட்ஏஜென்ட், கம்ப்ளீட்காலர் என இரு சொற்களால் பிரித்தெழுதுகிறது. ஆனால் அங்கும் குறி அறுந்த அழைப்பு அழைத்தவர் முடித்ததாகவே பதிவாகலாம். செய்தவர் இருவருள் ஒருவராகத்தான் இருக்கவேண்டும் என்று கொண்டதால், எவரும் செய்யாமல் நேர்வது என்னும் மூன்றாம் வகைக்கு இடமில்லாமற் போயிற்று.

பிழை என்பது யாருடைய பிழை?

செயற்பதிவுகளைக் கண்காணிப்போர் அனைத்து வரிகளையும் படிப்பதில்லை, இயலாது. செய்திகளுக்குத் தரநிலை உண்டு. சிஸ்லாக் என்னும் பொது முறையில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 முழுச் செயலிழப்பு, 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 நிரலாக்கர்க்குரிய நுண்விவரம். கண்காணிப்புத் திரையில் சிவப்பாக ஒளிர்வன முதல் சில நிலைகளே. சேமிப்பகம் நிரம்பினால் பிழை. தரவுத்தளம் விடையளிக்காவிடில் பிழை. உழவர் ஒருவர் நான்கு நிமிடம் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினால் அது பிழையன்று. மென்பொருள் தன் கடமையைச் சரியாகவே செய்துள்ளது. எனவே பிழை என்ற சொல்லைத் தேடிப் பதிவைப் படிப்பவர் கண்ணில் அவர் படவே மாட்டார். எந்திரத்தின் நலக்குறிப்பை மக்கள் நலத்தின் குறிப்பாக எடுத்துக்கொள்வதில் உள்ள இடர் இது.

சோழர் செப்பேடுகளை இங்கு ஒப்புநோக்கலாம். நிலக்கொடை ஆணை வாய்மொழியாகப் பிறந்தது முதல் வரிப்பொத்தகத்தில் ஏறுவது வரை உள்ள படிநிலைகளை அவை கூறுகின்றன. திருமந்திர ஓலை எழுதியவர், அதனை ஒப்பிட்டவர், வரியிலிட்டபோது உடனிருந்தவர் என அலுவலர் பெயர்கள் ஆட்சியாண்டோடும் நாளோடும் அடுக்கப்படுகின்றன. அதுவும் ஒரு செயற்பதிவே. ஒவ்வொரு செயலுக்கும் பொறுப்பேற்கும் ஒரு பெயர் அதில் உண்டு. அம்முறையை இன்றைக்கு மீட்கவேண்டும் என்பதன்று என் கருத்து. பொறுப்பைப் பெயரோடு பதியும் மரபு நமக்குப் புதிதன்று என்பதே கருத்து.

எழுத்தும் நேரமும்

இன்னொரு சிக்கல் எழுத்தைப் பற்றியது. பழைய சிஸ்லாக் முறையை விவரிக்கும் 2001ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 3164 ஆவணம், ஆங்கில எழுத்துக்களுக்குப் போதுமான ஏழு பிட்டுக் குறியீட்டையே மரபாகக் காட்டுகிறது. ஒரு செய்தியின் பேரெல்லை 1024 பைட்டு. 2009இல் வந்த ஆர்.எஃப்.சி. 5424 ஒருங்குறிக்கு வழி திறந்தது. எனினும் பழைய வழக்கில் இயங்கும் அமைப்புகளில் தமிழ்ப்பெயர் வினாக்குறிகளின் வரிசையாக மாறிவிடுவது இன்றும் நேர்கிறது.

போடிநாயக்கனூர் என்னும் பெயரையே சான்றாகக் கொள்வோம். தமிழ்க் கணக்கில் அது எட்டெழுத்து. ஒருங்குறியில் 14 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் 42 பைட்டு. முதலெழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் உள்ளிடலாம். பின்னதில் பெயர் 15 குறியீடு, 45 பைட்டு ஆகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் செய்யாத தேடலுக்கு இரண்டும் வெவ்வேறு ஊர்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒரு ககரம், இரு ககரம் என எழுத்துக்கூட்டல் வேறுபடுகிறது. சுவடிப் பதிப்பாசிரியர் பாடவேறுபாடு என்று கண்ட சிக்கல் இங்கு வேறுருவில் நிற்கிறது.

நேரத்திலும் கவனம் வேண்டும். பல அமைப்புகள் உலகப் பொதுநேரத்தில் பதிகின்றன. நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. காலை 5.15க்குப் போடியிலிருந்து வந்த ஓர் அவசர அழைப்பு அப்பதிவில் முந்தைய நாளின் இரவு 11.45 ஆக நிற்கும். தேதியைக் கொண்டு தேடுபவர், அன்று அப்படியோர் அழைப்பே வரவில்லை என நேர்மையாகவே விடையளித்துவிடக்கூடும்.

எதிர்வாதமும் விடையும்

செயற்பதிவு எந்திரத்திற்கும் பொறியாளர்க்கும் உரியது. சுருக்கமும் ஒருமையுமே அதன் அழகு. அதில் இலக்கணம் தேடுவது மிகை என்பர். சுருக்கம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பதிவின் வாசகர் பொறியாளர் மட்டுமல்லர். மேற்பார்வையாளர், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் அலுவலர், தன் பணிமதிப்பீட்டை எதிர்க்கும் பணியாளர், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விவரம் கேட்கும் குடிமகன் ஆகியோரும் அதன் வாசகரே. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956இல் பிறந்தது. ஆட்சியின் கோப்பு தமிழில் இருக்கவேண்டும் என்பார்க்கு, ஆட்சியின் செயற்பதிவைப் பற்றியும் ஒரு நிலைப்பாடு வேண்டுமன்றோ?

உழவர் அழைப்புகளின் விவரங்களை நடுவணரசு தன் திறந்த தரவுத் தளத்தில் வெளியிட்டுள்ளது. பருவம், பயிர், வினாவின் வகை, வினா, விடை, மாநிலம், மாவட்டம், வட்டாரம், நாள் என்னும் பகுப்புகள் அதில் உள்ளன. வினா பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கமாகவே நிற்கிறது. அழைத்தவர் கூறிய சொற்களுக்கென்று தனிப்பகுப்பு இல்லை. சரம், தட்டை, அழுகல், கவ்வாத்து எனத் தோட்டத்தில் வழங்கும் சொற்கள் செவிவழி நுழைந்து, எழுத்தாகும்போது மறைகின்றன. வட்டார வழக்கைத் தேடிக் களப்பணிக்குச் செல்லும் நாம், நாள்தோறும் தாமாக வந்துசேரும் சொற்கள் பதியப்படாமற் போவதைக் கேள்வியின்றி விட்டுவிடுகிறோம்.

செய்யத்தக்கவை

முதலாவது, நிகழ்வுச்சொற்களுக்கான தமிழாக்கம் அகராதி வழியில் அன்றி வினையிலக்கண வழியில் அமைதல் வேண்டும். அபாண்டன் என்பதைக் கைவிட்டார் எனப் பெயர்ப்பது மயக்கத்தைத் தமிழுக்கும் கொணர்வதாகும். விடை கிடைக்குமுன் அழைப்பு முடிந்தது என்பதே பதிவு உறுதியாக அறிந்தது. ரிங்நோஆன்சர் என்பதற்கு முகவர் எடுக்கவில்லை என்பதினும், அழைப்பு எடுக்கப்படவில்லை என்பதே பொருந்தும். செய்தவர் தெரியாதவிடத்துச் செயப்பாட்டுவினையும் தன்வினையும் நேர்மையின் வடிவங்களாகின்றன.

இரண்டாவது, ஒரு பதிவை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது. வரிசைப் பதிவோடு இணைப்பு முடிந்த காரண எண்ணையும் ஒப்பிடவேண்டும். கியூ.850 என்னும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு வகைப்பாட்டில் 16 இயல்பான முடிவு. 38 வலையமைப்புச் செயலிழப்பு. இடைநிலை அமைப்புகள் குறியறுதலையும் 16 என்றே அனுப்பக்கூடும். ஆதலால் அதே எண்ணிலிருந்து உடனே மீண்டும் அழைப்பு வந்ததா என்பதையும் பார்க்கவேண்டும். சலித்து விட்டவரினும் குறி அறுந்தவர் மறுபடி விரைந்து அழைப்பார் எனக் கருத இடமுண்டு. பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் துணியும் முறை நமக்குக் கைவந்ததே.

மூன்றாவது, அழைத்தவர் கூறிய முதன்மைச் சொல்லைத் தமிழெழுத்தில், இயல்பாக்கிய ஒருங்குறியில் குறிக்க ஒரு பகுப்பு வேண்டும். ஆய்வுக்குத் தருமுன் தொலைபேசி எண்ணும் பெயரும் நீக்கப்படவேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்ம வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுவே.

நான்காவது, முதுகலைத் தமிழின் கணினித்தமிழ்த் தாளில் தட்டச்சு, எழுத்துரு, இணையத்தளங்கள் என்பவற்றோடு செயற்பதிவு வாசிப்பும் ஓர் அலகாக இடம்பெறலாம். வினையியல் கற்ற மாணவர்க்கு நூறு வரிகள் கொண்ட ஒரு பதிவைத் தந்து, ஒவ்வொரு வரியிலும் வினை முதலைத் தேடச் சொல்லுதல் பழைய நூலுக்கும் புதிய பணிக்கும் ஒருசேரப் பயிற்சியாகும்.

முடிவுரை

செயற்பதிவு பொய் சொல்வதில்லை. தனக்குத் தெரிந்ததைத் தன் சொல்லளவில் எழுதுகிறது. அச்சொல்லில் இல்லாத பொறுப்பை இருப்பதாகக் கொண்டு ஒருவர்மீது ஏற்றுவது வாசிப்போர் செய்யும் பிழை. வாசிப்புப் பிழையைத் திருத்துவது தமிழ்த்துறைக்கு எக்காலத்தும் உரிய தொழில். மென்பொருளை மாற்றியமைக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லாதிருக்கலாம். ஆயினும் ஓர் அறிக்கையில் கைவிட்டவர்கள் என்னும் தலைப்பைக் காணும்போது, கைவிட்டவர் அழைத்தவரா, அவர்க்கு விடையளிக்கத் தவறிய அமைப்பா, இடையில் அறுந்த குறியா என்று கேட்கும் கல்வி நம்மிடம் உண்டு. கோப்பு முடிவாவதற்கு முன் அவ்வினா எழுப்பப்பட்டால், மழையில் நனைந்த ஏலச்சரத்தோடு காத்திருந்தவரின் 249 நொடிகளுக்கு அது ஒரு விடையின் தொடக்கமாகும்.